கையெழுத்துக்கும் விளைவுக்கும் இடையே: கொள்முதல் கற்பிக்கும் வீடியோ கேம்கள்



சமையல்காரர் உப்பைக் கூட்டிப் போட்டுவிட்டால் பந்தி எழுவதற்குள் அவருக்கே தெரிந்துவிடும். கொள்முதல் அலுவலருக்கு அந்த வாய்ப்பு வாய்ப்பதில்லை. இன்று ஒரு விவரக்குறிப்பு எழுதுகிறார், ஒப்பந்தப்புள்ளி கோருகிறார், மாதங்கள் ஓடி, பெட்டிகள் ஏதோ ஒரு மாவட்டத்தில் போய் இறங்கும்போது அவர் வேறு இருக்கைக்கு மாறியிருப்பார். பெட்டியைப் பிரிப்பவருக்கு இவரைத் தெரியாது. இவருக்கும் பெட்டிக்குள் வந்தது என்னவென்று தெரியாது. முப்பது ஆண்டுகள் இப்படியே பணிபுரிந்து, தம் கையெழுத்துகளில் எது நன்மை செய்தது, எது தீமை செய்தது என்று அறியாமலேயே ஓய்வு பெறுபவர்கள் இருக்கிறார்கள். நேர்மையானவர்கள், உழைப்பாளிகள். அவர்களுக்கு அனுபவம் உண்டு. ஆனால் அந்த அனுபவம் பாடமாக மாறுவதற்கு வேண்டிய மறுமொழி மட்டும் வந்து சேரவில்லை.

நம் பயிற்சி வகுப்புகள் இந்த இடத்தைத் தொடுவதில்லை. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம் 1998, அதன் 2000 ஆம் ஆண்டு விதிகள், மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, 2016 இல் வந்த ‘ஜெம்’ என்னும் அரசு மின்சந்தைத் தளம் என்று வரிசையாகச் சொல்லிக் கொடுக்கிறோம். அத்தனையும் தெரிந்திருக்க வேண்டியவைதான், மறுக்கவில்லை. விதி தெரிந்தவர் தணிக்கையில் மாட்டாமல் இருப்பார். நல்ல பொருள் வாங்குவாரா என்பது தனிக் கேள்வி. வீடியோ கேம் இந்தத் துறைக்குச் செய்யக்கூடிய பேருதவி ஒன்று உண்டு. பல மாதங்களை ஒரு பிற்பகலுக்குள் சுருக்கி, முடிவெடுத்தவரின் கண் முன்னால் அவருடைய முடிவின் விளைவைக் கொண்டுவந்து நிறுத்த அதனால் முடியும். இன்று நான் சொல்லப் போகும் எல்லாமே இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவை.

இது புதிய கனவும் அல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1960 வாக்கிலேயே ‘பீர் கேம்’ என்ற ஆட்டத்தை ஆடத் தொடங்கிவிட்டார்கள். ஜே ஃபாரஸ்டர் உருவாக்கிய அமைப்பு இயங்கியல் துறையிலிருந்து பிறந்தது அது. சில்லறைக் கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என நான்கு பேர் வரிசையாக உட்காருவார்கள். வாரந்தோறும் ஒவ்வொருவரும் தமக்கு மேலே இருப்பவரிடம் சரக்குக் கேட்டுச் சீட்டு எழுத வேண்டும். ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. கேட்ட சரக்கு வந்து சேரச் சில வாரங்கள் ஆகும். கையிருப்பில் தங்கும் பெட்டிக்கு வாரம் அரை டாலர் செலவு. கொடுக்க முடியாமல் கடன் நிற்கும் பெட்டிக்கு ஒரு டாலர். விதி இவ்வளவுதான்.

வாடிக்கையாளர் முதலில் வாரத்துக்கு 4 பெட்டி கேட்பார். ஐந்தாவது வாரத்தில் 8 ஆகும். அதன்பின் கடைசிவரை 8 தான், மாறவே மாறாது. ஆனால் மேசையில் நடப்பதோ பெரும் அமளி. முதலில் சரக்குப் பஞ்சம், பதற்றத்தில் ஆளாளுக்கு அதிகம் கேட்பது, பிறகு கேட்டதெல்லாம் மொத்தமாக வந்து குவிந்து கிடங்கு வழிவது. ஜான் ஸ்டெர்மன் 1989 இல் வெளியிட்ட ஆய்வில், ஆடியவர்களின் சராசரிச் செலவு, ஆகியிருக்க வேண்டிய மிகக் குறைந்த செலவைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு. அந்த ஆட்டத்தில் என்னை மிகவும் பாதித்த பகுதி அது முடிந்தபின் வருவது. வாடிக்கையாளரின் தேவை எப்படி இருந்திருக்கும் என்று வரைபடம் போடச் சொல்வார்கள். பெரும்பாலோர் ஏறி இறங்கும் அலையை வரைவார்கள். ஒரே ஒரு படி ஏறி, அப்புறம் சமமாக ஓடிய கோட்டைக் காட்டும்போது அறை அடங்கிப்போகும். அலையை எழுப்பியது சந்தை அன்று, தாங்களே எழுப்பினோம் என்பதை நூறு பக்கப் பாடநூல் சொல்லியும் நம்பாதவர், தம் கையால் எழுதிய சீட்டுகளைப் பார்த்தபின் நம்புகிறார்.

நெதர்லாந்தில் உருவான ‘தி ஃப்ரெஷ் கனெக்‌ஷன்’ இதையே கணினிக்குக் கொண்டுவந்தது. நட்டத்தில் ஓடும் ஒரு பழச்சாறு நிறுவனம். கொள்முதல், உற்பத்தி, விற்பனை, விநியோகச் சங்கிலி என்று நான்கு தலைவர்கள். கொள்முதல் தலைவர் மலிவான ஆளைப் பிடித்து மகிழ்ந்தால், சரக்கு நேரத்துக்கு வராமல் உற்பத்தித் தலைவரின் இயந்திரம் நிற்கிறது. ஒருவர் மிச்சம் பிடித்த பணம் பக்கத்து நாற்காலிக்காரரின் செலவுக் கணக்கில் ஏறுவதை இருவரும் ஒரே திரையில் பார்க்கிறார்கள்.

இவ்வளவு நல்ல முன்னோடிகள் இருந்தும் பயிற்சி விளையாட்டு என்ற பெயரில் இன்று பெரும்பாலும் நம் கைக்கு வருவது வினாடி வினா. சரியான விடையைத் தொட்டால் நாணயம் விழும், தவறினால் மணி அடிக்கும். இது விளையாட்டே ஆகாது என்பதை நான் உறுதியாகவே சொல்வேன். இங்கிலாந்தில் ஜேக்கப் ஹாப்குட்டும் ஷாரன் ஐன்ஸ்வொர்த்தும் சிறுவர்களுக்கு வகுத்தல் கணக்குக் கற்பிக்க ‘ஸோம்பி டிவிஷன்’ என்ற ஆட்டத்தை வைத்துச் செய்த ஆய்வு 2011 இல் வந்தது. எலும்புக்கூடுகளின் நெஞ்சில் எண்கள் இருக்கும். அந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் ஆயுதத்தால் அடித்தால்தான் அவை விழும். இன்னொரு வடிவத்தில் சண்டை தனி, கணக்கு தனி. ஒவ்வொரு நிலையின் முடிவிலும் அதே கணக்குகள் வினாக்களாக வரும். கணக்கே சண்டையாக இருந்த வடிவத்தில் ஆடிய குழந்தைகள் அதிகம் கற்றார்கள். எது வேண்டுமோ அதை ஆடலாம் என்று விட்டபோது அதே வடிவத்தோடு ஏழு மடங்கு நேரம் செலவிட்டார்கள். கொள்முதலுக்கும் இதுவே வழி. ஆட்டக்காரர் செய்யும் செயலே கொள்முதலாக இருக்க வேண்டும்: எழுதுவது, ஒப்பிடுவது, சந்தேகப்படுவது, காத்திருப்பது, காரணம் பதிவு செய்வது.

மேசை வேலையில் விறுவிறுப்பு ஏது என்று கேட்பவர்களுக்கு, லூகாஸ் போப் 2013 இல் வெளியிட்ட ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ விளையாட்டைக் காட்டுவேன். கற்பனை நாடொன்றின் எல்லையில் ஆவணம் சரிபார்க்கும் அதிகாரி நீங்கள். கடவுச்சீட்டின் தேதியும் அனுமதிச் சீட்டின் தேதியும் பொருந்துகின்றனவா, படமும் முகமும் பொருந்துகின்றனவா என்று பார்த்து முத்திரை குத்த வேண்டும். எத்தனை பேரைச் சரியாக முடிக்கிறீர்களோ அவ்வளவே கூலி. வீட்டில் வாடகை, சாப்பாடு, குளிருக்கு வெப்பம், நோய்க்கு மருந்து. இதை உலகெங்கும் இளைஞர்கள் கண்விழித்து ஆடினார்கள். ஆவணப் பரிசோதனை மனிதரை உலுக்கும் ஆட்டமாக முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இனி, நானும் சில நண்பர்களும் வடிவமைக்க முனைந்திருக்கும் ஆட்டத்தை உங்கள் முன் விரிக்கிறேன். களமாக மருந்துக் கொள்முதலை எடுத்துக்கொண்டோம். காரணம், தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் என்ற சிறந்த முன்மாதிரி நம் கண் முன்னே இருக்கிறது. 1994 இல் தொடங்கப்பட்ட அமைப்பு. உற்பத்தியாளர்களிடம் நேரடியாக ஒப்பந்தப்புள்ளி, மாவட்டக் கிடங்குகள், ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். பாஸ்புக்கில் ஆண்டுக்கான தொகை வரவு வைக்கப்படும். கிடங்கில் மருந்து எடுக்க எடுக்க அது குறையும். வரும் தொகுதிகளிலிருந்து மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயரை மறைத்துக் குறியீட்டு எண் இட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். பின்னர் கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத் தத்தம் அமைப்புகளை உண்டாக்கிக்கொண்டன. விளையாட்டு வடிவமைப்பவருக்கு இதில் வேண்டியதெல்லாம் இருக்கிறது: வரம்புள்ள பணம், மறைந்த தகவல், நாள்பட்டு வரும் ஆய்வு முடிவு.

முதல் கட்டம் அறுவைக் கையுறை. வேண்டுமென்றே எளிய பொருளாக எடுத்தோம். திரையில் ஒரு வெற்றுப் படிவம் இருக்கும். விவரக்குறிப்பை ஆட்டக்காரர் எழுத வேண்டும். கிருமி நீக்கப்பட்டதா, பவுடர் உள்ளதா இல்லாததா, உறை எப்படி, காலாவதிக்கு எத்தனை மாதம் மீதி இருக்க வேண்டும் என்று கவனமாக எழுதுவார். பலரும் அளவை எழுதுவார்கள்: 6, 6½, 7, 7½. எந்த அளவில் எத்தனை சதவீதம் என்பதை எழுத மறப்பார்கள். ஒப்பந்தப்புள்ளி திறக்கிறது, குறைந்த விலைக்காரர் தேர்வாகிறார், தரப் பரிசோதனையிலும் சரக்கு தேறிவிடுகிறது. ஆட்டக் காலத்தில் ஏழாம் மாதம் கிடங்கில் வந்து இறங்கும் பெட்டிகளில் முக்கால்வாசி 7½. வழங்கியவர் மேல் குற்றமில்லை, கேட்டதைத்தான் கொடுத்தார். அடுத்த காட்சி பிரசவ அறை. சிறிய கையுள்ள செவிலியர் ஒருவர் தொளதொளத்த கையுறையை மணிக்கட்டில் பிளாஸ்திரி போட்டு இறுக்கிக்கொண்டு நிற்கிறார். ஊழல் இல்லை, விதிமீறல் இல்லை, விடுபட்ட ஒரு வரி மட்டுமே. விவரக்குறிப்பு எழுதுவதே கொள்முதலின் தலையாய பணி என்று நான் கருதுகிறேன். விலைப்புள்ளி திறக்கும் நாளுக்குக் கிடைக்கும் பரபரப்பு அந்தப் படிவத்துக்குக் கிடைப்பதில்லை. ஆட்டம் அந்தக் கவனத்தைப் படிவத்தின் பக்கம் திருப்ப வேண்டும்.

இரண்டு உறை முறையை ஆட்டத்தில் அப்படியே வைத்திருக்கிறோம். தொழில்நுட்ப உறையை மதிப்பிட்டு, தகுதியானவர் யார், தகுதியற்றவர் யார், ஏன் என்று எழுதி முடிக்கும்வரை விலை உறை திறக்காது. எழுதிய பின் மாற்றவும் முடியாது. இங்கேதான் கூட்டுச் சதியைக் கண்டுபிடிக்கும் பயிற்சி வருகிறது. 2002 ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் ஏலக் கூட்டுச் சதியைத் தடை செய்கிறது. இந்தியப் போட்டி ஆணையம் அதற்காக அபராதமும் விதித்துவருகிறது. ஆனால் கோப்பு முதலில் வந்து விழுவது நம் மேசையில்தான். மூன்று போட்டியாளர்களின் கடிதங்களிலும் ஒரே எழுத்துப் பிழை, வைப்புத்தொகைக்கான வரைவோலைகள் அடுத்தடுத்த எண்களில், தோற்றவர்களின் விலையெல்லாம் வென்றவர் விலைக்கு மேல் ஒரே விகிதத்தில். இவற்றைத் திரையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கலாம்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. எல்லோரையும் திருடராகப் பார்க்கக் கற்றுக்கொடுத்துவிடக் கூடாது. நம் ஊர்களில் டெண்டர் போட்டுக் கொடுக்கும் கணினி மையங்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஒரே மையத்தில், ஒரே ஆள், ஒரே மாதிரிக் கடிதத்தை வைத்து நாலு பேருக்குத் தட்டச்சு செய்து பதிவேற்றுவார். எழுத்துப் பிழையும் ஒன்றாக இருக்கும், ஐ.பி. முகவரியும் ஒன்றாக இருக்கும். அவர்களுக்குள் பேச்சுவார்த்தைகூட இருக்காது. ஆகவே ஆட்டத்தில் சந்தேகத்துக்குரிய கோப்புகளில் ஒரு பகுதி குற்றமற்றவை. ஒற்றை அறிகுறியைக் கண்டதும் தள்ளுபடி செய்பவர் நேர்மையான சிறு தொழிலதிபர் ஒருவரை இழக்கிறார். அடுத்த சுற்றில் அவர் வரமாட்டார், போட்டி குறையும், விலை ஏறும். அறிகுறிகளைச் சேர்த்துப் பார்த்து, விளக்கம் கேட்டு, பதிலைப் பதிவு செய்து முடிவெடுப்பவருக்கே களம் நலமாக இருக்கும்.

வெளிநாட்டுக் கொள்முதல் விளையாட்டுகள் பலவற்றில் பேரம்தான் நாயகன். அவை தனியார் நிறுவனங்களுக்காகப் பிறந்தவை. நம் அரசு அலுவலருக்கு அந்தக் களம் குறுகியது. ஒப்பந்தப்புள்ளி திறந்தபின் பொதுவாகப் பேரம் கூடாது, விதிவிலக்காகக் குறைந்த விலைக்காரர் ஒருவரோடு மட்டுமே பேசலாம் என்பது மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் நிலை. எனவே பேரத்தைக் குறைத்து, சந்தையை அறிவது, ஒப்பந்தப்புள்ளிக்கு முந்தைய கூட்டத்தில் கேள்வி கேட்பது ஆகியவற்றுக்கு இடம் கொடுத்தோம். அதிகம் விவரிக்கத் தேவையில்லை.

நான் விரிவாகச் சொல்ல விரும்புவது பாம்புக்கடிக் கட்டம். பாராசிட்டமால் மாத்திரைக்கு ஒப்பந்தப்புள்ளி கோரினால் உற்பத்தியாளர்கள் போட்டி போட்டு வருவார்கள். பாம்புக்கடி முறிமருந்து தயாரிப்போர் இந்தியா முழுமைக்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. அவர்களுக்கு மூலப்பொருள் விஷம். அதில் பெரும்பகுதி எங்கிருந்து போகிறது தெரியுமா? மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில், 1978 இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கத்திலிருந்து. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் வனத்துறை அனுமதியோடு பிடித்து, சில வாரம் வைத்திருந்து விஷம் எடுத்து, மறுபடி விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் ரத்தத்தில் எதிர்ப்பு உண்டானபின் அதிலிருந்து மருந்தைப் பிரிக்கிறார்கள். மாதக்கணக்கில் ஆகும் வேலை. அவசரம் என்று கடிதம் எழுதினால் குதிரையின் உடம்பு அவசரப்படாது.

ஆட்டக்காரர் இதைப் பாராசிட்டமால்போல் நடத்தினால் என்ன ஆகும்? நிபந்தனைகளைக் கடுமையாக்குகிறார், விலை வரம்பை இறுக்குகிறார், ஒருவரும் வரவில்லை. மறு ஒப்பந்தப்புள்ளி போகிறது. அதற்குள் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்கிறது, வயலில் நடவு நடக்கிறது. திரையில் டெல்டா மாவட்டங்களின் கையிருப்பு நாளொன்றுக்கு இவ்வளவு என்று இறங்குகிறது. சங்கிலியை மேலே போய்ப் பார்த்தவர் வேறு விதமாக ஆடுவார்: கோடையிலேயே கோருவார், ஆணையை இரண்டு பேருக்குப் பிரிப்பார், உலர்தூளாக வரும் மருந்துக்குக் காலாவதி தள்ளி இருப்பதால் கூடுதல் இருப்பு வைப்பார், விஷம் எடுக்கும் அனுமதி அந்த ஆண்டு தாமதமானதா என்று விசாரிப்பார். பீட்டர் கிரால்ஜிக் 1983 இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் சொன்னது இதுதான்: எல்லாப் பொருளையும் ஒரே மாதிரி வாங்காதீர்கள், கிடைக்காமல் போகும் அபாயத்தையும் எடை போடுங்கள். பொருள்களை வகை பிரிக்கும் அவருடைய நான்கு கட்டங்களைக் கரும்பலகையில் வரைந்து காட்டலாம். வடநெம்மேலியிலிருந்து ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம்வரை போகும் கோட்டை ஆட்டக்காரர் விரலால் தொட்டுப் பின்தொடரும்போது அது மனத்தில் தங்கும்.

மதிப்பெண் எதற்கு என்பதில் எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. சேமித்த பணத்துக்கு மதிப்பெண் கொடுத்தால் ஆட்டம் சுலபமாக முடிந்துவிடும். ஆட்டக்காரர்கள் விலையை நெரிப்பார்கள். அதையே நாளை அலுவலகத்திலும் செய்வார்கள். ஒரு விளையாட்டு எதற்கு மதிப்பெண் தருகிறதோ அதைத்தான் கற்பிக்கிறது, முகவுரையில் என்ன எழுதியிருந்தாலும் சரி. ஆகவே செலவு, மருந்து இல்லாமல் போன நாட்கள், காலாவதியாகிக் கொட்டிய சரக்கு என்று மூன்றையும் தனித்தனியே காட்டுகிறோம். மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாக்க மறுத்துவிட்டோம். மருந்தின்றித் திரும்பிய நோயாளியை இவ்வளவு ரூபாய் என்று கணக்கிட்டு, மிச்சம் பிடித்த தொகையோடு கழித்துக்கொள்ளும் உரிமையை எந்தக் கணினிக்கும் கொடுக்க எனக்கு மனமில்லை. அந்த எடையை ஆட்டக்காரரே தம் மனத்தில் போட வேண்டும்.

ஒவ்வொரு முடிவின்போதும் கோப்பில் குறிப்பு எழுதினால்தான் ஆட்டம் நகரும். இரண்டு மூன்று வரி போதும். ஆட்டக் காலத்தில் மூன்று ஆண்டு கழித்துத் தணிக்கை வரும். கேள்வியோடு, நீங்கள் எழுதிய அதே வரிகள் திரையில் தோன்றும். ‘மேற்கண்ட காரணங்களால் ஏற்கலாம்’ என்று எழுதியவர் எந்தக் காரணங்கள் என்று தமக்கே தெரியாமல் விழிப்பார். காரணத்தைத் தெளிவாக எழுதியவரின் முடிவு பின்னால் தவறாகப் போயிருந்தாலும் அவர் தலைநிமிர்ந்து பதில் சொல்ல முடியும். தவறான முடிவையும் நேர்மையற்ற முடிவையும் பிரித்துக் காட்டுவது அந்தக் குறிப்புதான். நேர்மையான அலுவலர்கள் பயத்தினாலேயே குறைந்த விலைக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். நல்ல காரணம் எழுதத் தெரிந்தால் அந்தப் பயம் பாதியாகும்.

விளையாட்டால் முடியாததும் உண்டு. ஒரு கட்டத்தில் தொலைபேசி ஒலிக்கும். ‘ஐயா சொல்லச் சொன்னார்’ என்று ஒரு குரல் ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லும். திரையின் முன் எல்லோரும் துணிந்து மறுப்பார்கள். உண்மையான தொலைபேசிக்கு முன் உட்கார்ந்திருப்பவருக்கு இடமாற்றம் இருக்கிறது, பிள்ளைகளின் படிப்பு இருக்கிறது. அந்தத் துணிச்சலை ஆட்டம் தந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். அழைப்பு வந்ததை எப்படிப் பதிவு செய்வது, எந்த விதியைச் சொல்லிப் பணிவாக மறுப்பது என்று வாயும் கையும் பழக ஓர் இடம் தரலாம். அவ்வளவே.

ஆட்டத்தைக் கணினியில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளவும் கூடாது. ஆடி முடித்தபின் கூடி உட்கார்ந்து பேசும் நேரம் ஆட்ட நேரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தமிழகத்திலிருந்து அமெரிக்கா சென்று ‘தியாகி’ என்ற பெயரில் உலகப் பயிற்சியாளர்களுக்கெல்லாம் அறிமுகமான சிவசைலம் தியாகராஜன், லைபீரியாவில் பணியாற்றியபோது 1980 இல் ‘பார்ங்கா’ என்ற சீட்டாட்டத்தை உருவாக்கினார். மேசைக்கு மேசை விதி சற்று வேறு, அது ஆடுபவர்களுக்குத் தெரியாது, பேசவும் கூடாது. மேசை மாறும்போது எதிரே இருப்பவர் ஏமாற்றுகிறார் என்றே ஒவ்வொருவரும் நினைப்பார்கள். ஆட்டம் முடிந்தபின் நடக்கும் பேச்சில்தான் உண்மை வெளிப்படும்; அந்தப் பேச்சு இல்லையென்றால் கசப்பு மட்டும் மிஞ்சும். கொள்முதல் ஆட்டத்தில் மருத்துவரும் மருந்தாளுநரும் கணக்குப் பிரிவினரும் வழங்குநரும் ஒரே அறையில், ஒருவர் நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்து ஆட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இங்கே துறைத் தலைவர்கள் சிலர் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஆட்டத்துக்கு எங்களால் கற்பனையில் புனைய முடியாத ஒன்று வேண்டும்: முடிந்துபோன ஒப்பந்தப்புள்ளிக் கோப்புகள். ஒப்பந்தக் காலம் முடிந்து, தணிக்கையும் முடிந்து, வழக்கு ஏதும் நிலுவையில் இல்லாத கோப்புகளாகப் பார்த்து, நிறுவனப் பெயர்களையும் அலுவலர் பெயர்களையும் நீக்கிக் கொடுங்கள். விவரக்குறிப்பு, கேட்கப்பட்ட விளக்கங்கள், மதிப்பீட்டுக் குறிப்பு, சரக்கு வந்த தேதிகள், பயன்படுத்தியவர்களின் புகார்கள் ஆகிய ஐந்தும் ஒரே கோப்பில் சேர்ந்திருப்பது அரிது என்பது எனக்குத் தெரியும். கடைசி இரண்டும் கிடங்கிலும் மருத்துவமனையிலும் சிதறிக் கிடக்கும். அவற்றைத் தேடிச் சேர்க்கும் வேலையை இந்தப் பல்கலைக்கழக மாணவர்கள் செய்ய முன்வந்தால், வழிகாட்ட நான் இருக்கிறேன். அடுத்த கல்வியாண்டுத் தொடக்கத்தில் ஒரு துறை, ஒரு பொருள் என்று ஆரம்பிக்கலாம்.